துணி கட்டிய கதவு

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நானே பின்னால் சேர்த்துக்கொண்டது என்று எனக்கு நிச்சயமில்லை. நாள்களைச் சொல்லிவிடுவேன். யார் எங்கே நின்றார்கள், அன்று மழையா வெயிலா என்பதும் ஓரளவு தெரியும். ஒரே ஒரு விஷயம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் பிடிபடுவதில்லை. அந்தத் துணியைக் கட்டச் சொல்லிப் பூவம்மாவை நான் கேட்டேனா, அவரே கட்டினாரா? சில நாள்கள் நான் கேட்டது என் குரலிலேயே காதில் விழுகிறது. சில நாள்கள் நான் வாயைத் திறக்கவே இல்லை என்று சத்தியம் செய்துவிடலாம் போலிருக்கிறது. மற்ற எல்லாம் இந்த ஒன்றைச் சார்ந்திருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த நூலகம் என்று சொல்லப்போவதில்லை. சிங்கப்பூரில், தேக்கா வட்டாரத்து எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். வீட்டுக்கு அருகிலேயே நூலகங்கள் இருந்தும் நான் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் ஒரு மேசை. இரண்டாம் மாடியின் கடைசி மூலையில், தமிழ் அலமாரிகளுக்குப் பின்னால், ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய மேசை. அங்கே உட்கார்ந்தால் யார் முகமும் தெரியாது.

கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்த்தவன் நான். ஐம்பத்தெட்டு வயதில் ஆட்குறைப்பில் வெளியே வந்தேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. மூத்த சகோதரி ஜைனப் லாத்தாவின் வீட்டில் இருக்கிறேன். லாத்தா காலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் இரவு தூங்கப் போகும்போதுதான் நிறுத்துவார். அதைவிடச் சத்தமாக அவரும் பேசுவார். நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்.

"லைப்ரரிக்குப் போறதுக்கு அயர்ன் பண்ணின சட்டை வேறயா? அங்க உனக்கு யாருடா பொண்ணு பாக்குறா?"

நான் பதில் சொல்லமாட்டேன். சொல்லாமலிருப்பது எனக்குப் பழக்கம்.

என் மேசையிலிருந்து நாலடி தூரத்தில் படிக்கட்டுக் கதவு இருந்தது. தீயணைப்பு விதிகளின்படி வைக்கப்பட்ட கனமான கதவு. அதற்கு அப்பால் படிக்கட்டும் கழிப்பறைகளும். தள்ளித் திறந்தவர்கள் கையை விட்டதும் அது தானாக மூடிக்கொள்ளும். மூடும்போது முதலில் காற்று உள்ளே இழுபடும். பிறகு ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அதன் பிறகு இரும்பு இரும்பின்மேல் விழும். அந்தச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்கு முந்தைய ஒரு கணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் இருப்பேன். காற்று இழுபடும். வாக்கியத்தை விட்டுவிட்டு இரும்புக்காகக் காத்திருப்பேன். விழுந்த பிறகு அதே வாக்கியத்தை முதலிலிருந்து படிப்பேன். பள்ளி விடுமுறை நாள்களில் ஒரு பக்கத்தை முடிக்க ஒரு மணி நேரமானதுண்டு.

படிவத்தில் புகார் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. இன்னொன்று எழுதினேன். நாலாவதற்குப் பிறகு கதவு ரிப்பேர் பார்க்கும் ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து ஏணியோடு ஒருவர் வந்தார். பெயர் சக்தி. புதுக்கோட்டைப் பக்கம். முப்பது வயது இருக்கும். கதவைத் தானாக மூடவைக்கும், அதன் தலையில் இருந்த பெட்டியைத் திறந்து வெகுநேரம் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கதவைத் திறப்பார், விடுவார், கேட்பார், மறுபடி ஏறுவார்.

"அண்ணே, கம்ப்ளைன்ட் குடுத்தது நீங்களா?"

ஆமென்றேன்.

"மெதுவா வெச்சா பூட்டு விழமாட்டேங்குதுண்ணே. பூட்டு விழலன்னா இன்ஸ்பெக்ஷன்ல ஃபெயில் போட்டுருவான். வேகமா வெச்சா உங்களுக்குத் தூக்கிப்போடுது."

"நடுவுல வைக்க முடியாதா?"

"நடுவுலன்னு ஒண்ணு இல்லண்ணே. இந்தப் பக்கம் ஏர்கான், அந்தப் பக்கம் படிக்கட்டு. காத்து இழுக்குது. நெருப்புப் பிடிச்சா புகை உள்ள வராம நிறுத்துற கதவு இது. டம்முனு கேட்டாத்தான் பூட்டிருச்சுன்னு அர்த்தம்." ஏணியை மடக்கிக்கொண்டே சிரித்தார். "நீங்க வேணா அந்தப் பக்கம் போயி உக்காருங்க. சத்தமே இல்ல. ஆனா எல்லாம் சீனப் புக்கு."

அவர் சொன்னதை இவ்வளவு தெளிவாகத் திருப்பிச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கே எனக்கு அது நன்றாகப் புரிந்திருக்கிறது. பூட்டு விழாத கதவு குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பிறகு யாரிடமும் நான் சொல்லவில்லை.

பூவம்மா அந்த மாடியின் துப்புரவுப் பணியாளர். அறுபத்து நாலு வயது. கம்பெனியின் நீலச் சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிது. வாளியும் துடைப்பமும் தொங்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் மேசையைக் கடந்து போவார். இரண்டு மாதம் தலையசைப்போடு சரி. ஒருநாள் அலமாரியின் தூசியைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"கதவு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் உங்க தோள் ரெண்டும் மேல போகுது பாய். உங்களைப் பார்த்துப் பார்த்து இப்ப எனக்கும் போகுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூலகத்தில் நான் சத்தம் போட்டது அது ஒரு தடவைதான்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, ஒரு புதன்கிழமை. மேசை துடைக்கும் துணி ஒன்றை வண்டியிலிருந்து எடுத்தார். ஒரு முனையை உள்பக்கக் கைப்பிடியில் முடிந்தார். துணியைக் கதவின் ஓரத்தில், பூட்டு நாக்கை மூடியபடி சுற்றிக்கொண்டுபோய் மறுமுனையை வெளிப்பக்கக் கைப்பிடியில் முடிந்தார். கையை விட்டார். காற்று இழுபட்டது. நான் காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. கதவு மூடியிருந்தது.

"இப்ப வாயை மூடிக்கிச்சு பாருங்க," என்றார். "எங்க பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இப்படி ஒண்ணு கட்டிவிடணும்."

இதற்குமுன் நான் என்ன சொன்னேன் என்பதுதான் கேள்வி. "இதுக்கு ஏதாவது பண்ண முடியாதாக்கா?" என்று நான் கேட்டதாக ஒரு நினைவு இருக்கிறது. ஆனால் அதே வார்த்தைகளைச் சக்தியிடமும் கேட்டிருக்கலாம். நிவேதிதாவிடமும் கேட்டிருக்கலாம். நிவேதிதா நூலக அதிகாரி. இருபத்தாறு வயதுப் பெண். என் புகார்களையெல்லாம் கணினியில் ஏற்றி எண் போட்டுக் கொடுத்தவள்.

பிறகு ஐந்து வாரம். நான் வந்து உட்கார்ந்ததும் பூவம்மா துணியைக் கட்டுவார். நாலு மணிக்கு வேலை முடிந்து போகும்போது அவிழ்த்து எடுத்துப்போவார். அந்த ஐந்து வாரத்தில் படித்ததுபோல் நான் அதற்குமுன் படித்ததில்லை. ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இருப்பேன். ஏர்கானின் மெல்லிய ஓசையும் எங்கோ ஒரு நாற்காலி நகர்வதும் மட்டும் கேட்கும். யாரும் எதையும் என்னிடம் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் மிச்சமிருக்கும் வருடங்களை இப்படியே கழித்துவிடலாம் என்று தோன்றியது. அதுவே எனக்குப் போதும்.

தினமும் பன்னிரண்டரைக்குப் பூவம்மா காணாமல்போவார். மற்ற பணியாளர்கள் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும் நேரம். ஒருநாள் கேட்டேன்.

"நான் எங்க பாய் சாப்பிடுறது? மக சாப்பிடணும்ல."

மகள் பெயர் சுதா. முப்பத்தாறு வயது. பேச்சு கிடையாது. மூன்று வயதுப் பிள்ளையின் மனம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அடிக்கடி வலிப்பு வரும். நூலகத்துக்கு அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்தில் இப்படிப்பட்ட பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்று இருந்தது. காலையில் பூவம்மா அவளை அங்கே விட்டுவிட்டு வேலைக்கு வருவார். மதியம் ஓடிப்போய்ப் பருப்புச் சோற்றைப் பிசைந்து, வலிப்பு மாத்திரையைப் பொடித்து அதில் கலந்து ஊட்டிவிட்டு வருவார்.

"அங்க இருக்கிறவங்க ஊட்டமாட்டாங்களா?"

"அவங்க நல்லவங்கதான். இவ வாயைத் திறக்கணும்ல? என் கை தவிர வேற கை வந்தா பல்லை இறுக்கிக்குவா. இரும்புப் பெட்டிதான். நர்ஸ் பாத்துட்டாங்க, டாக்டர் பாத்துட்டாங்க. மாத்திரை ஒரு வேளை போகலன்னா வலிப்பு வந்துரும்." வண்டியின் சக்கரத்தில் சிக்கிய நூலைக் குனிந்து எடுத்தார். "அந்த சென்டர்ல இடம் கெடைக்க ஆறு வருசம் பாய். பக்கத்துலயே இந்த சைட்டு கெடைச்சது ஆண்டவன் குடுத்தது. இங்கருந்து மாத்தாம இருந்தா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

மாற்றுவார்கள் என்ற பேச்சு அக்டோபரில் வந்தது. துப்புரவுக் கம்பெனிக்குப் புது ஒப்பந்தம். வயதானவர்களை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டு, தரை கழுவும் இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்களை இங்கே போடப்போகிறார்கள் என்று அவர்களுடைய மேற்பார்வையாளர் சேவியர் சொல்லியிருக்கிறார். பூவம்மா அன்று அலமாரியைத் துடைப்பதுபோல்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"பாய், எனக்கு ஒரு கம்ப்ளிமென்ட் எழுதிக் குடுப்பீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கம்ப்ளைன்ட் எழுதுற அதே பேப்பர்லதான் பாராட்டும் எழுதலாமாம். பேர் போட்டுப் பாராட்டு வந்த ஆளை லைப்ரரிக்காரங்க விடமாட்டாங்களாம். சேவியரே சொன்னாரு. கீழ் மாடி சைனீஸ் ஆன்ட்டிக்கு மூணு வந்திருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்ல. கக்கூஸ் கழுவுறவளுக்கு யாரு உக்காந்து எழுதுவா? நீங்கதான் எப்பப் பாத்தாலும் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கீங்க."

"எழுதுறேன்கா."

"நல்லா எழுதுங்க பாய்."

நல்லா எழுதுங்க என்றார். அதைத்தான் செய்தேன்.

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதியதில் கடுமையான உழைப்பாளி, பணிவானவர், இன்முகத்தோடு பழகுபவர் என்றெல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். யாரைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம். இப்படிப்பட்ட ஆயிரம் கடிதங்களை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். எவரும் இரண்டாம் வரிக்கு மேல் படிக்கமாட்டார்கள். குறிப்பாக ஒன்று இருந்தால்தான் ஒரு மனிதரை நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடமாகப் படித்ததில் நான் கற்றது அது ஒன்றுதான். முதலில் எழுதியதைக் கிழித்தேன்.

பிறகு எழுதியது இப்படி இருந்தது. இரண்டாம் மாடிப் படிக்கட்டுக் கதவின் சத்தம் பற்றி நான்கு முறை புகார் செய்தேன். ஏணியும் கருவிகளும் வந்தும் தீராத சிக்கலைத் திருமதி பூவம்மா ஒரு துண்டுத் துணியால் தீர்த்தார். யாரும் கேட்காமலேயே, தாமாகவே, வாசகர் ஒருவரின் முகம் சுளிப்பதை மட்டும் பார்த்துப் புரிந்துகொண்டு, ஐந்து வாரங்களாக ஒருநாளும் தவறாமல் கதவின் பூட்டின்மேல் துணியைக் கட்டி வருகிறார். ஒரு நூலகத்துக்கு எது தேவை என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். சக்தி சொன்னது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று, அதை நானே எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரியாமல்போனது எப்படி என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிவேதிதா அதை வாங்கி அங்கேயே நின்று படித்தாள். "வாவ் அங்கிள், செம டச்சிங் லா! இவ்வளவு நாளா கம்ப்ளைன்ட் மட்டும்தான் எழுதுவீங்கன்னு நெனச்சேன். நான் மேனேஜருக்கே ஸ்ட்ரெய்ட்டா ஃபார்வர்ட் பண்ணிடறேன்."

அவளுக்கும் தெரியவில்லை. அதை இரண்டு பேர் படித்தோம். இரண்டு பேர் கண்ணுக்கும் படவில்லை. மூன்றாவதாகப் படித்த மேனேஜர் கட்டடப் பாதுகாப்புக்கும் பொறுப்பானவர்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது கதவில் துணி இல்லை. பதினொரு மணிக்குச் சேவியர் என்னைத் தேடி வந்தார். நாற்பத்தைந்து வயது, பருத்த உடல், கையில் கோப்பு. நாற்காலி இல்லாததால் அலமாரியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"சார், அந்த லெட்டர் எழுதினது நீங்கதானே? நான் பதினாலு வருசமா சூப்பர்வைசர். கம்ப்ளைன்ட்டுல ஆள் போயி பாத்திருக்கேன். கம்ப்ளிமென்ட்டுல ஆள் போறது இப்பத்தான் சார் பாக்குறேன்."

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. சொன்ன உடனே முழுவதும் விளங்கிவிட்டது. தீக்கதவின் பூட்டைத் தடுத்தது பெரிய குற்றம். நூலகம் கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. புது ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில்.

"நான்தான் அவங்களைக் கட்டச் சொன்னேன்," என்றேன்.

சேவியர் கோப்பைத் திறந்தார்.

"இதுல அப்படி இல்லையே சார். யாரும் கேக்காம, தானாவேன்னு போட்டிருக்கு. சார், பொய் சொல்லல, நான் அவங்களுக்காகப் பேசிப் பார்த்தேன். வயசானவங்க, தெரியாம ஒரு நாள் பண்ணிட்டாங்க, ஒரு வார்னிங் குடுத்து இங்கயே வெச்சுக்குவோம்னு சொன்னேன். அப்ப மேனேஜர் இதைக் காட்டுறாரு. அஞ்சு வாரம், ஒருநாளும் தவறாம. நீங்க அந்த அஞ்சு வாரத்தைப் போடாம இருந்திருந்தாகூட நான் எதையாவது சொல்லியிருப்பேன் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல்.

நிவேதிதாவிடம் போனேன். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"முடியாது அங்கிள். கேஸ் குளோஸ் ஆயிடுச்சு. நீங்க புதுசா ஒண்ணு எழுதலாம், பட் அது நியூ கேஸாத்தான் போகும்."

"நான்தான் கட்டச் சொன்னேன்னு எழுதறேன்."

"நிஜமாவா? நீங்க கேட்டீங்களா?"

நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள். பின்னால் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு சீனப் பெரியவரும் காத்திருந்தார். எனக்கு மௌனம் பழக்கம்தான். ஆனால் அன்று இருந்ததுபோல் ஒன்றில் நான் அதற்குமுன் நின்றதில்லை. உண்மையைச் சொல்ல நினைத்தேன். உண்மை என் கையில் இல்லை.

"தெரியலம்மா," என்றேன்.

"தெரியலன்னு எழுத முடியாது அங்கிள்."

கேட்டேன் என்றே எழுதிக் கொடுத்தேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

பூவம்மா அன்று மூன்று மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

"என்ன எழுதினீங்க பாய்? எனக்கு யாரும் படிச்சுச் சொல்லல. இங்கிலீசுல நீட்டமா இருந்துச்சு."

என்னிடம் நகல் இருந்தது. எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தாழ்ந்த குரலில். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நடுவில் யாரோ கதவைத் திறந்துகொண்டு போனார்கள். இரும்பு விழும்வரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தேன். முடித்தேன். அவர் வண்டியின் கைப்பிடியைத் துடைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். கொஞ்சம் கழித்து, "என்னைப் பத்தி இவ்வளவு யாரும் எழுதினதில்ல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேனோ என்னவோ.

ஒன்றாம் தேதியிலிருந்து அவரைத் தீவின் மேற்குக் கோடியிலுள்ள ஜூரோங்கில் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். விடியற்காலை கம்பெனி பேருந்து. வீடு திரும்ப இரவு ஏழு. சுதாவை மையத்தின் வேன் வந்து கூட்டிப்போகும் என்று ஏற்பாடானது. மதிய உணவுக்கு ஏற்பாடில்லை. டாக்டர் மாத்திரையை இரண்டு வேளையாக மாற்றிப் பார்த்தார். அந்த அளவு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தாள். மறுபடி மூன்று வேளையானது.

நான் ஊட்டுகிறேன் என்று சொன்னது உறுதியாக நான்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பூவம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஊட்டிப் பாருங்க பாய். கரண்டி வேணாம், கையாலதான்," என்றார். மையத்தில் என் பெயரைக் கொடுத்தார். அவர் காலையில் கட்டிக் கொடுத்தனுப்பும் சோற்று டப்பா சுதாவின் பையில் இருக்கும். மாத்திரையைப் பொடித்துக் கலக்குவது மையத்துத் தாதியின் வேலை. நான் பிசைந்து ஊட்ட வேண்டும்.

சுதா சன்னமான பெண். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பற்களை இறுக்கிக்கொண்டாள். கன்னத்தில் தசை புடைத்தது.

நான் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குத் தெரியும் என்று நம்பினேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும். ஐந்தாம் நாள் அவள் வாயைத் திறந்தாள். கையை நீட்டினேன். அவள் திறந்தது கத்துவதற்கு. டப்பா தரையில் விழுந்தது. அறையில் இருந்த மற்றவர்களும் கத்தத் தொடங்கினார்கள்.

வீட்டில் லாத்தாவிடம் சொன்னேன். முதல்முறையாக அவரே போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"நீ அங்க போயி என்ன பேசின?"

"ஒண்ணும் பேசல."

"வாயை மூடிக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தா எந்தப் புள்ளடா வாயைத் திறக்கும்? உன்னைப் பாத்தா எனக்கே பசி போயிரும்."

அடுத்த நாள் அவரே வந்தார். போனதிலிருந்து நிறுத்தாமல் பேசினார். மீன் விலை, எங்கள் புளோக் மின்தூக்கி, நாற்பது வருடத்துக்குமுன் இறந்துபோன எங்கள் மாமி, எல்லாம். பேசிக்கொண்டே ஒரு உருண்டையை நீட்டினார். சுதா வாங்கிக்கொண்டாள். இன்னொன்று. இன்னொன்று. மூன்று வாய். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாத்தா என் பக்கம் திரும்பவில்லை. அன்று இரவு பூவம்மாவிடம் சொன்னபோது அவர் அழுதார். மூன்று வாய்க்கே அழுதார்.

மறுநாள் லாத்தா அதே கதைகளைச் சொன்னார். சுதா வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்து நாள் தொடர்ந்து போனார். அந்த மூன்று வாய் எப்படி நடந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பதினோராம் நாள், நாங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே, சுதாவுக்கு வலிப்பு வந்தது. அது நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஜூரோங்கிலிருந்து பூவம்மா மருத்துவமனைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரமானது.

அவர் நடைக்கூடத்தில் எங்களைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. லாத்தாவின் கையைப் பிடித்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நூலகத்தில் முதல் இரண்டு மாதம் செய்ததுபோல. நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, அன்னிக்கு நான்தானே உங்களைக் கட்டச் சொன்னேன்?" என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அதைக் கேட்பது எனக்காகத்தான், அவருக்காக அல்ல என்று புரிந்ததால் கேட்கவில்லை. பிறகு கேட்பதற்கு வாய்ப்பு வரவில்லை.

சேவியர் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு இப்போது தனியார் வாடகை வண்டி ஓட்டுகிறார். சக்தி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். நிவேதிதா பிடோக் பக்கம் வேறு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். லாத்தாவுக்குப் போன வருடம் முழங்கால் அறுவை சிகிச்சை ஆனது, வீட்டிலேயே இருக்கிறார். நான் நூலகத்துக்குப் போவதில்லை. சுதா ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தாள். அதற்குப் பிறகு மூக்கில் குழாய் வைத்து உணவும் மருந்தும் கொடுக்கும் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். மையத்தில் அவள் இடம் வரிசையில் அடுத்திருந்தவருக்குப் போனது. பதினான்கு மாதம் கழித்து, நுரையீரல் தொற்றில் அந்தக் காப்பகத்தில் இறந்துபோனாள். பூவம்மாவுக்கு அறுபத்தாறு வயதாகிறது. இன்னும் ஜூரோங் கிடங்கில் வேலை பார்க்கிறார்.